மூன்றரை மாதக் குழந்தைக்குச் சளி: மருந்தா, எண்ணெயா, ஆஸ்பத்திரியா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். மூன்றரை மாதப் பையன். மூன்று நாளாகச் சளி. மூக்கு அடைத்துக்கொள்வதால் பால் குடிக்கும்போது விட்டுவிட்டு அழுகிறான். ராத்திரியில் நெஞ்சில் கர்ர் என்று சத்தம். மாமியார், தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவு, மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடு என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, தன் மகளுக்கு வாங்கிய சிரப்பில் மிச்சம் இருக்கிறது, தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார். தொண்டிக்குத் தெற்கே உள்ள ஊரிலிருந்து ராமநாதபுரம் வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? புதன்கிழமை தடுப்பூசி வேறு இருக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால், இது வெறும் சளிதானா, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற பயம்தான் அதற்குள் இருக்கிறது. அதற்கு முதலில் வருகிறேன். அது தெரிந்துவிட்டால் மருந்துக் கேள்வி தானாகவே சின்னதாகிவிடும்.

நான் டாக்டர் இல்லை. இதே கடற்கரையில் துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளையைப் பார்க்காமல், நெஞ்சில் கருவி வைத்துக் கேட்காமல், இங்கிருந்து என்னால் நோய் இன்னது என்று சொல்ல முடியாது. நான் கீழே சொல்லும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் மீதியைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

பையன் அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள். தூங்கும்போதென்றால் இன்னும் நல்லது. சட்டையை மேலே தூக்கிவிட்டு, செல்போனில் கடிகாரத்தை வைத்து, வயிறு ஒவ்வொரு முறை எழும்புவதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி; கைக்குழந்தைகள் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் நிறுத்தி மூச்சு விடுவார்கள், கணக்கு தப்பிவிடும். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்ததும் இதுதான். உங்கள் பையனுக்கு எல்லை 50. முதல் தடவை 52, 53 என்று வந்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும் எண்ணுங்கள். அப்போதும் 50-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

எண்ணும்போதே நெஞ்சையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே, வயிறு தொடங்குகிற இடம் உள்நோக்கிக் குழி விழுந்தால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அது ஆபத்து. மூக்கு மடல் விரிந்து விரிந்து மூடுவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது, பால் குடிக்க அறவே மறுப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த வண்டியில் ஆக்சிஜன் இருக்கும். பைக்கில் துணியைப் போர்த்திப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவதை இந்த நிலையில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துணிக்குள் பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது என்று போகிற வழியில் யாருக்கும் தெரியாது. அப்புறம், "விடியட்டும், போகலாம்" என்ற பேச்சே வேண்டாம். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராத்திரியிலும் டாக்டர் இருப்பார்.

இதெல்லாம் இல்லை, மூச்சு 50-க்குக் கீழே, குழி விழவில்லை, விட்டுவிட்டாவது பால் குடிக்கிறான், வழக்கம்போல மூத்திரம் போகிறான், நடுவில் முகம் பார்த்துச் சிரிக்கிறான் என்றால் இது பெரும்பாலும் மூக்கோடு நிற்கும் சளிதான். அந்தக் கர்ர் சத்தம் பல தாய்மாரைக் கலங்கடிக்கும். முதுகில் கை வைத்தால் கூட அதிர்வது தெரியும். பெரும்பாலும் அது மூக்கிலும் தொண்டையிலும் நிற்கும் கோழை, மூச்சு போய் வரும்போது எழுப்பும் சத்தம். மூக்கைச் சுத்தம் செய்தபின் சத்தம் குறைந்தால் அது மேலே இருந்து வந்தது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் சத்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சத்தமே இல்லாமல் நிமோனியா இருக்கும்; பெரிய சத்தத்தோடு வெறும் சளியும் இருக்கும். எண்ணிக்கையும் குழியும்தான் நம்பகமானவை.

சளி வைரஸால் வருகிறது. வாடைக்காற்று பட்டதாலும் தலைக்கு ஊற்றியதாலும் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு சளியும் நம் பக்கம் கூடும், அது உண்மைதான். அந்த நாளில் கதவை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் எல்லோரும் படுக்கிறோம், ஒருவர் இருமினால் எல்லோருக்கும் வருகிறது. சிறு குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். மூன்றாம் நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் கூட இழுக்கும். நீங்கள் மூன்றாம் நாளில் எழுதியிருக்கிறீர்கள், அதாவது மோசமாகத் தெரிகிற நாளில். நாளை ஒருவேளை இன்னும் கொஞ்சம் கூடலாம். அதனால்தான் இன்று ஒரு தடவை, இரவு ஒரு தடவை, காலை ஒரு தடவை என்று மூச்சை எண்ணச் சொல்கிறேன்.

வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் "இன்ஃபெக்‌ஷன் ஆயிருச்சு" என்று சொல்வார்கள். நிறம் மாறுவது சளி முற்றி ஆறும்போதும் நடப்பதுதான், அதை வைத்து மட்டும் ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டியதில்லை. நெபுலைசர் வைக்கச் சொல்லி நீங்களே கேட்காதீர்கள். இளைப்பு இருந்து டாக்டர் வைக்கச் சொன்னால் அது வேறு விஷயம்.

இனி உங்கள் பையனுக்கு உண்மையில் என்ன கஷ்டம் என்று பார்ப்போம். இந்த வயதில் குழந்தைகள் வாயால் மூச்சு விட இன்னும் சரியாகப் பழகியிருக்க மாட்டார்கள், மூக்குதான் எல்லாம். மூக்குத் துவாரமோ ஈர்க்குச்சி நுழையும் அளவுதான். அதில் கொஞ்சம் கோழை காய்ந்து நின்றாலும், மார்பில் வாய் வைத்ததும் மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழுவான். பசி இருக்கிறது, குடிக்க வழியில்லை. ஆக மூக்கைத் திறந்துவிடுவதுதான் வைத்தியம். அதற்கு மெடிக்கலில் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்து கேளுங்கள். புட்டியில் சோடியம் குளோரைடு, 0.65 அல்லது 0.9 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். மூக்கடைப்பு என்று சொன்னதும் சிலர் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் உள்ள சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை டாக்டர் எழுதாமல் கைக்குழந்தைக்கு விடக் கூடாது. வாங்கும் இடத்திலேயே பெயரைப் படித்துப் பாருங்கள்.

பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால், மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, தும்மியோ வழிந்தோ வருவதை மெல்லிய துணியைத் திரியாகச் சுருட்டித் துவார வாசலில் மட்டும் துடையுங்கள். உள்ளே குடைய வேண்டாம், பட்ஸ் வேண்டவே வேண்டாம். ரப்பர் பல்ப் வைத்து உறிஞ்சலாமா என்றால், வெளியே வர மறுக்கும் கெட்டிச் சளிக்கு, ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் போகாமல், மெதுவாகச் செய்யலாம். அடிக்கடி உறிஞ்சினால் உள்ளே வீங்கி அடைப்பு கூடத்தான் செய்யும். வாய் வைத்து உறிஞ்சித் துப்புவது பழைய வழக்கம். இப்போது வேண்டாம், நம் வாயில் உள்ளது பிள்ளைக்குப் போகும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரே உப்புதானே, அதைக் காய்ச்சி விடலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், ஆனால் அதில் எவ்வளவு உப்பு என்று யாருக்குத் தெரியும்? புட்டிதான் நல்லது.

பால் விஷயத்தில், ஒரே தடவையில் வயிறு நிறையக் குடிப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள். சப்ப முடியவே இல்லை என்றால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் மெல்லப் புகட்டுங்கள். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, அல்லது ஒரு நாளில் ஆறு தடவை மூத்திரம் போகிறவன் இரண்டு மூன்றுக்குக் குறைந்துவிட்டான் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம்: சுடுதண்ணீர், குளுக்கோஸ், பனங்கற்கண்டுத் தண்ணீர், ஓமத் தண்ணீர் எதுவும். பனங்கற்கண்டுப் பாலை நீங்கள் குடியுங்கள், நல்லது. உங்களுக்கே சளி என்றாலும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கிருமியை எதிர்க்கும் சக்தி அந்தப் பால் வழியாகத்தான் போகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு கொடுங்கள். நீங்கள் மீன் சாப்பிட்டதால், தயிர் சாப்பிட்டதால் பிள்ளைக்குச் சளி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு வைத்துக் கொடுத்துவிட்டு, அதே வாயால் மீன் குளிர்ச்சி என்று சொல்கிற ஊர் நம்முடையது.

கற்பூர எண்ணெய்க்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் பிள்ளையின் உடம்புக்குள் போகும், கைக்குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். எண்ணெயில் காய்ச்சுவதும், துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் பாதுகாப்பானவை இல்லை. கடையில் டப்பாவில் விற்கும் நெஞ்சுத் தைலங்களும் 2 வயதுக்குள் கூடாது, அதிலும் கற்பூரம்தான். மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து. உப்புநீர் நுரையீரலுக்குப் போனால் இருமி வெளியே தள்ளும். எண்ணெய் இருமலைக்கூடக் கிளப்பாமல் வழுக்கி உள்ளே போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாது, வாரக்கணக்கில் இழுக்கும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தாய்ப்பாலில் குழைத்த எண்ணெய் எல்லாம் ஒன்றுதான். குளிப்பாட்டிவிட்டு மூக்கில் ஊதுவதும் கூடாது. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும்.

வசம்பு உரைப்பது, கற்பூரவல்லிச் சாறு, துளசிச் சாறு பற்றி அவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியாது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாலு சொட்டு துளசிச் சாறு கொடுத்து ஏதும் ஆனதாக நான் பார்த்ததில்லை, அதனால் சளி சீக்கிரம் போனதாகவும் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்குள் எதுவும் வேண்டாம் என்பதால் உங்கள் வீட்டில் இந்தக் கேள்வியே இல்லை. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, விறகடுப்புப் புகை, பீடி எல்லாமே வீங்கிய மூக்கை இன்னும் எரிக்கும், பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். ஆவி பிடிக்க வைப்பது, சட்டி கவிழ்ந்து வெந்துபோவதில்தான் முடியும். ஏர்வாடி தர்காவில் ஓதி ஊதுவது, கோயிலில் திருநீறு போடுவது, மந்திரிப்பது: இதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் தள்ளிப் போகக் கூடாது, தொக்கம் எடுக்கிறேன், உள்ளே சிக்கியதை எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் அப்பத்தா, பேரன் மூச்சு முட்டுவதைப் பார்த்து அவருக்கும் கை துறுதுறுக்கிறது. ஏதாவது செய்யாமல் இருக்க முடியாது. கற்பூரம் போடாத தேங்காய் எண்ணெயைக் கை காலில் தடவி நீவச் சொல்லுங்கள். பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் போட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். மூக்கடைத்த பிள்ளை, தூளிக்குள் தாடை நெஞ்சில் இடிக்கச் சுருண்டு கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். தூங்க வைக்கும்போது மல்லாக்க, சமமான இடத்தில், தலையணை இல்லாமல். தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுவதைச் சளி தீரும்வரை தள்ளிப் போடுங்கள். அதற்குக் காரணம் சளி கூடும் என்பதில்லை, எண்ணெய் வழிந்து மூக்குக்குள் போகக்கூடும் என்பதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிட்டால் போதும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அறையில் வைக்கும் ஈரப்பத மெஷினுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கொரோனா நேரத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் இருந்தால் அதைப் பையன் விரலில் மாட்டிப் பார்க்காதீர்கள், பெரியவர்களுக்கானது சின்ன விரலில் தப்பாகக் காட்டும்.

அக்கா தரும் சிரப்பை அன்போடு மறுத்துவிடுங்கள். 2 வயதுக்குள் சளி, இருமல் சிரப் எதுவும் கொடுக்கக் கூடாது. குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவு போட்டது. கடைகளில் கிடைக்கும் பல சளி சிரப்புகளில் இருப்பது அந்தக் கூட்டுதான். 2025-இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். நல்ல சிரப்பாகவே இருந்தாலும் இந்த வயதில் அது சளியைக் குறைக்காது, தூக்கத்தைத்தான் கொடுக்கும். தூங்கி வழிகிற பிள்ளை, களைத்துத் துவண்ட பிள்ளை இரண்டையும் உங்களால் பிரித்தறிய முடியாமல் போகும்.

காய்ச்சல் இருந்தால் மட்டும் பாராசிட்டமால், அதுவும் டாக்டரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்டபின். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. இதில் நடக்கும் பெரிய குழப்பம் புட்டியில்தான். சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250. ஆறு கிலோ பிள்ளைக்கு 120 சிரப்பில் இரண்டரை மில்லி என்பது சரியான அளவு. அதே இரண்டரை மில்லியைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும், கல்லீரலுக்கு ஆபத்து. போன தடவை எழுதிய அளவை வேறு புட்டிக்கு வைத்துக் கொடுக்காதீர்கள். கை வைத்துப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யவும் வேண்டாம், டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் 100.4 டிகிரி வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. உங்கள் பையன் அந்த எல்லையை இப்போதுதான் தாண்டியிருக்கிறான் என்பதால், 102 தொட்டாலோ, அதற்குக் குறைவாக இருந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விட்டுப்போன காய்ச்சல் திரும்பி வந்தாலோ காட்டிவிடுங்கள். குறை மாதத்தில் பிறந்தவன், இதயக் கோளாறு உள்ளவன் என்றால் நான் சொன்ன வீட்டுக் கவனிப்பு எதற்கும் காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள். அதை நீங்கள் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

கடைசியாகப் புதன்கிழமை ஊசி. 14-ஆவது வாரத்து ஊசிகள்தானே பாக்கி? வெறும் சளிக்காக அதைத் தள்ளிப் போட வேண்டாம். அன்றைக்குப் போடுவதில் நிமோனியாவுக்குக் காரணமான இரண்டு முக்கியமான பாக்டீரியாக்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட்டும் நிமோகோக்கல் ஊசியும் இருக்கின்றன. நல்ல காய்ச்சலோ வேகமான மூச்சோ இருந்தால் மட்டும் ஊசிக்கு முன் டாக்டர் பார்க்கட்டும். போகும்போது அட்டையோடு, வீட்டில் எண்ணிய மூச்சுக் கணக்கையும் நேரத்தோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போய் அங்கே உள்ள நர்ஸிடம் காட்டுங்கள். அவரையே இன்னொரு தடவை எண்ணிக் காட்டவும் சொல்லுங்கள். நீங்கள் எண்ணியது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.